தினமும் ஹவுஸ்ஃபுல், தினமும் நஷ்டம்!

ஒரு சக்கரம்கூட உருளுவதற்கு முன்பே திவாலான ரயில் கம்பெனியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் ஊட்டி ரயிலின் கதை அப்படித்தான் ஆரம்பிக்கிறது! நீலகிரி மலைக்கு ரயில் விடலாம் என்று 1854-லேயே பேச்சு எழுந்து, பேச்சாகவே கிடந்தது. ஸ்விட்சர்லாந்தில் ரிகி மலைமேல் பல்சக்கர ரயிலை ஏற்றிக் காட்டிய நிக்லாஸ் ரிக்கன்பாக் 1882-ல் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். 1885-ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். பணம் சேர்ந்தபாடில்லை. 1891-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு வந்து முதல் மண்ணை வெட்டிப் போட்டார். மூன்றே வருடம், 1894-ல் கஜானா காலி, கம்பெனிக்குப் பூட்டு. 1896-ல் இன்னொரு கம்பெனி வந்து மிச்ச வேலையை முடித்து, 1899 ஜூன் 15-ம் தேதி மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயிலை ஏற்றியது. 1903-ல் அரசாங்கம் 35 லட்ச ரூபாய் கொடுத்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. அதை ஊட்டி வரை நீட்ட 1908-க்குள் இன்னொரு 24 லட்சத்துச் சொச்சம்.

ஆகவே, "நம்ம பாரம்பரிய ரயில் நஷ்டத்துல ஓடுதாமே" என்று யாராவது கன்னத்தில் கை வைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பிறந்த வீட்டிலிருந்தே கொண்டுவந்த சீதனம் அது! எனக்கு ஆச்சரியமே வேறு. இந்த ரயிலில் காலி இருக்கையைப் பார்ப்பது அபூர்வம். கோடை சீசனுக்கு டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துபோகும், வெயிட்டிங் லிஸ்ட் நீண்டுகொண்டே போகும். கூட்டம் வராமல் நஷ்டப்பட்டால் புரிந்துகொள்ளலாம். கூட்டம் முட்டி மோதியும் எப்படி நஷ்டம்? அந்த ரகசியம் குன்னூர் லோகோ ஷெட்டிலும், பெட்டி வாசலில் நிற்கிற பிரேக்ஸ்மேன் கையிலும், திருச்சி பொன்மலையிலும் சிதறிக் கிடக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்போம்.

நான் இருப்பது பொழிச்சலூரில். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் மொட்டைமாடிக் கொடிக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகிற ஊர். சனிக்கிழமை ஆனால் அகஸ்தீஸ்வரர் கோயிலில் எள் விளக்கோடு கூட்டம் நெரியும். வட திருநள்ளாறு என்று பெயர் வாங்கிய தலம் அல்லவா! இங்கிருந்து ஊட்டிக்குக் கிளம்பினால் ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், எலக்ட்ரிக் ட்ரெயினில் பார்க், எதிரே சென்ட்ரல், ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் கண் விழித்தால் பக்கத்துப் பிளாட்பாரத்தில் நீலமும் கிரீமுமாக நம் குட்டி ரயில், காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பத் தயாராக. பயண விவரத்தைச் சொன்னதும் என் மாமியாருக்கு ஒரே சந்தேகம்.

"ஏம்மா, நாப்பத்தாறு கிலோமீட்டர்னுதானே சொன்னே? இங்கேருந்து செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அதுக்கு அஞ்சு மணி நேரமா?"

"ஆமா அத்தை. இறங்கும்போது மூணரை மணி நேரம்தான்."

"நடந்தே போயிடலாம் போலிருக்கே!"

நடக்கலாம்தான், ஆனால் மூச்சு வாங்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர். ஊட்டி 2,200 மீட்டர். நடுவில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். ஏற்றம் கடுமையாக இருக்கும் இடத்தில் பன்னிரண்டு அடி முன்னால் போனால் ஓரடி மேலே போயிருப்பீர்கள். சாதாரண ரயில் சக்கரம் இங்கே வழுக்கிக்கொண்டு பின்னால் வந்துவிடும். அதனால்தான் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. கார்ல் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளரின் மூளை அது. இரட்டைச் சட்டம், ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதில் பள்ளம். எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். ஒரு பல் விடுபட்டாலும் அடுத்த பல் பிடித்துக்கொள்ளும். கல்லாறு தாண்டியதும் ரயில் ஏறக்குறைய நின்றேவிடும். கீழே 'கட கட' என்று இரும்பை இரும்பு தேடும். பிறகு ஒரு சின்னக் குலுக்கல். கவ்விவிட்டது! பெட்டியில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் கத்துவார்கள். நானும்தான்.

கத்தி முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கணக்கின் முதல் வரி தெரியும். இந்த ரயிலில் எஞ்சின் முன்னால் இல்லை, பின்னால்! மலையேறும்போது பெட்டிகளைக் கீழிருந்து முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே வருகிறது. கொக்கி அறுந்தாலும் பெட்டி தனியே உருண்டு ஓடக் கூடாது என்ற முன்யோசனை. சரி, பின்னால் நிற்கிற ஓட்டுநருக்கு முன்னால் யானை நின்றால் எப்படித் தெரியும்? அதற்குத்தான் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன். பெட்டியின் முகப்பில் நின்றுகொண்டு கையில் கொடி, பக்கத்தில் பிரேக் சக்கரம். முதல் பெட்டிக்காரர் பச்சை காட்டினால் அடுத்தவர் காட்ட, அது கை மாறிக் கை மாறி எஞ்சினுக்குப் போய்ச் சேர்கிறது. மழை, மூடுபனி, புகை எதுவானாலும் அவர் நின்றாக வேண்டும்.

இப்போது பல்லாவரத்தை நினைத்துப் பாருங்கள். காலை எட்டரை மணிக்குப் பன்னிரண்டு பெட்டி எலக்ட்ரிக் ட்ரெயின் வருகிறது. மூவாயிரம், நாலாயிரம் பேர் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். ஓட்டுகிறவர் ஒருவர், கார்டு ஒருவர். தாம்பரத்துக்கு ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்கினாலும் தலையை எண்ணிக் கூட்டினால் ஏதோ ஒரு தொகை வந்துவிடுகிறது. ஊட்டி ரயிலில் ஓட்டுநர், ஃபயர்மேன்கள், கார்டு, பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் என்று ஏழெட்டுப் பேர். பயணிகள்? நாலு பெட்டி, தாராளமாகவே கணக்குப் போட்டால் இருநூறு பேர்.

அந்தத் தாராளக் கணக்கையே தொடர்வோமே. இரண்டாம் வகுப்பு முன்பதிவு டிக்கெட் முந்நூறு ரூபாயை ஒட்டி, முதல் வகுப்பு அறுநூறை ஒட்டி. இரண்டையும் கலந்து தலைக்கு சராசரியாக 400 என்று வைத்துக்கொண்டால், ஒரு சீட் விடாமல் நிரம்பிய ரயிலின் மொத்த வசூல் 80,000 ரூபாய். நடுத்தரமான ஒரு கல்யாண மண்டபத்தின் ஒருநாள் வாடகைக்குப் பத்தாது! இதற்குள்தான் எரிபொருள், சம்பளம், தண்டவாளம், பாலம், குகை, கொதிகலன், எல்லாம். இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: பராமரிப்புச் செலவில் ஒவ்வொரு கோடியும் 125 நிரம்பிய நடைக்குச் சமம். மேலே ஒன்று கீழே ஒன்று என்று தினம் இரண்டு நடை ஓடினால் இரண்டு மாதம்!

'கூட்டம்தான் இருக்கிறதே, இன்னும் நாலு பெட்டி சேர்த்தால் என்ன?' என்று கேட்பீர்கள். அங்கேதான் மலை சிரிக்கிறது. எஞ்சின் தள்ளக்கூடிய எடை அவ்வளவுதான். பெட்டி கூடினால் பல்சட்டத்தின் மேல் விழும் சுமையும் கூடும். சரி, வேகத்தைக் கூட்டலாமா? பல்சட்டத்தின் மேல் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் உச்சம். அதிக நடை விடலாமா? ஒற்றைத் தடம், அதுவும் காட்டுக்குள். இருட்டியபின் ஓட்டுவது யோசிக்கவே முடியாத காரியம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வியாபாரத்தில் கூட்டம் பெருகினால் லாபம் பெருகும் என்பார்கள். அந்தச் சூத்திரம் கல்லாறு வரைதான் செல்லுபடி.

குன்னூரில் இறங்கி ஸ்டேஷனை ஒட்டிய லோகோ ஷெட் பக்கம் போய் நின்றால் நேரம் போவதே தெரியாது. என்னைப் போலப் பைத்தியங்கள் நாலைந்து பேர் எப்போதும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலி ஓரம் நிற்பார்கள். எக்ஸ் வகை எஞ்சின் என்று இவற்றுக்குப் பெயர். ஸ்விட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரத்தில் எஸ்.எல்.எம். கம்பெனி செய்தது. 1914-லிருந்து 1925 வரை பன்னிரண்டும், 1952-ல் ஐந்தும் கப்பலேறி வந்தன. பக்கத்துக்கு இரண்டாக நாலு சிலிண்டர். சமதளத்தில் கீழ் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்சட்டத்தின் மேல் ஏறியதும், அந்த இரண்டில் உழைத்துக் களைத்து வெளியே வருகிற நீராவியை விட்டுவிடாமல் பிடித்து மேல் இரண்டுக்கும் அனுப்பி, பல்சக்கரத்தைச் சுற்றவைப்பார்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் மாட்டுக்கு வைக்கிற வீட்டுச் சிக்கனம்! இவ்வளவு கஞ்சத்தனமான எஞ்சினை வைத்துக்கொண்டும் நஷ்டம் என்றால் அதை என்னவென்று சொல்வது.

இறங்கும்போது இன்னும் வேடிக்கை. கைப்பிரேக், பட்டைப்பிரேக் எல்லாம் போக, எஞ்சினின் சிலிண்டர்களையே பிரேக்காக மாற்றிவிடுவார்கள். பிஸ்டன்கள் காற்றை அமுக்கி அமுக்கி, வேகத்தை விழுங்கிக்கொண்டே வரும். இதைக் கண்டுபிடித்தவரும் அதே ரிக்கன்பாக்தான். நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகியும் மனிதர் மலையை விட்டு இறங்கவில்லை.

இந்தப் பழைய இரும்புக்குத் தீனி போடுவதும் லேசில்லை. கொதிகலனில் நெருப்பு வைத்தால் நீராவி திரள மணிக்கணக்காகும். ஏழு மணி வண்டிக்கு ஊர் தூங்கும்போதே வேலை ஆரம்பித்துவிடும். நடுவழியில் தாகம் வேறு. கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நின்று நின்று தண்ணீர் குடிக்கும். (அந்தச் சாக்கில் நாம் இறங்கி டீ குடிக்கலாம். ஹில்குரோவில் பஜ்ஜியைக் கையில் வாங்கியதும் நேராக வாய்க்குக் கொண்டுபோங்கள். குரங்குகள் கியூவில் நிற்காது.) நிலக்கரியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள் 2000-க்குப் பிறகு எண்ணெயில் எரிகிற மாதிரி மாற்றப்பட்டன. புகையும் காட்டுத்தீ பயமும் குறைந்தன. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் செலவும் கூடவே மலையேறும்.

ஆனால் செலவின் பெரிய பங்காளி எரிபொருள் அல்ல, உதிரிபாகம் என்பது என் கட்சி. இதற்குக் காரணம் நம் தாம்பரம் பாதையிலேயே இருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபோது அது மீட்டர் கேஜ். ஒரு மீட்டர் அகலம், ஊட்டி ரயிலின் அதே அகலம். பல்லாவரத்தில் ஏறிய பழைய ஆட்களுக்கு அந்தக் குறுகலான பெட்டிகள் நினைவிருக்கும். 2004-ல்தான் கடைசியாக விடைபெற்றன. 1992-ல் நாடெங்கும் ஒரே அகலம் என்று ரயில்வே முடிவெடுத்தபின் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் ஓடுவது நீலகிரியில் மட்டும்தான். முன்பு ஊரெங்கும் மீட்டர் கேஜ் இருந்தபோது ஒரு சக்கரமோ, ஸ்பிரிங்கோ, பெட்டிக்கு அடிச்சட்டமோ வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பணிமனையில் கிடைக்கும். இன்று? ஒரே ஒரு ரயிலுக்காகத் தனியாக வார்க்க வேண்டும், தனியாகக் கடைய வேண்டும், தனியாகச் சோதிக்க வேண்டும். ஆயிரம் செய்தால் மலிவாக வரும் பொருளை நாலு செய்தால் விலை எங்கே போகும் என்று கடை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படியும் செய்கிறார்கள், அதுதான் எனக்குப் புல்லரிப்பு! புது எஞ்சின் வேண்டுமென்றால் வின்டர்தூருக்கு ஆர்டர் கொடுத்த காலம் போய்விட்டது, எஸ்.எல்.எம். என்ற பெயரில் இப்போது அங்கே எஞ்சின் செய்பவர் இல்லை. திருச்சி பொன்மலை பணிமனைக்காரர்கள் ஆயிரக்கணக்கான பாகங்களைத் தாங்களே செய்து, 2011-லிருந்து அடுத்தடுத்து நாலு புது எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை மலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டில் புத்தம்புதிய நீராவி எஞ்சின், அதுவும் பல்சக்கரத்தோடு, காவிரிக் கரையில்! பெட்டிகள் நம் சென்னையில் ஐ.சி.எஃப்.-ல் செய்தவை. வந்தே பாரத் பிறந்த அதே இடத்தில் இந்தப் பொம்மைப் பெட்டிகளும் பிறந்திருக்கின்றன. ஒவ்வொரு எஞ்சினும் பல கோடி. ஒரு கோடிக்கு 125 நடை என்ற கணக்கை மறந்துவிடாதீர்கள்.

எஞ்சினும் பெட்டியும் தயார், ஆளும் தயார். அப்புறம் ஐப்பசி வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பாதை மேல் பாறை உருளாத வருடம் கிடையாது. மண் சரியும், மரம் விழும், ரயில் ரத்து. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே நாளில் மண்ணள்ள ஆள் போட வேண்டும். வரவு பூஜ்யமாகும் நாளில்தான் செலவு உச்சத்துக்குப் போகிறது! 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பாதையும் பல இடங்களில் சிதைந்து, மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. இதற்காகவே விடியற்காலையில் கேங்மேன்கள் பாதை நெடுக நடக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் செல்ஃபியில் அவர்கள் விழுவதில்லை. யானைக் கணக்கும் உண்டு. பாதை ஓரமாக ரயில்வே கட்டிய தடுப்புச் சுவர் யானைகளின் வழியை அடைத்து, கூட்டம் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் திண்டாடிய வீடியோ பரவியது. சுவரை இடித்தார்கள். கட்டின செலவு ஒன்று, இடித்த செலவு இன்னொன்று. யானை வழக்கம் போல டிக்கெட் வாங்காமல் போய்விட்டது.

சரி, பணம் எங்கிருந்து வர வேண்டும்?

2005-ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஊரே கொண்டாடியது. டார்ஜிலிங் 1999-லேயே வாங்கியிருந்தது, கால்கா-சிம்லா 2008-ல் சேர்ந்துகொண்டது. பட்டம் வந்தால் பண முடிப்பும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். தினசரி ஓட்டுகிற செலவை யுனெஸ்கோ தருவதில்லை. பழமையைக் கெடுக்காமல் காப்பாற்று என்ற பொறுப்புதான் கூடுதலாக வருகிறது. ஓடுகிற பணம் எல்லாம் தென்னக ரயில்வேயின், அதாவது நம் எல்லோருடைய பையிலிருந்து.

கட்டணத்தை ஏற்றலாமே என்றால், ஏற்றினார்கள். பல வருடங்களாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஒரு காபிக் காசில் போய்வந்துகொண்டிருந்தோம். 2018 அக்டோபரில் அது ஒரேயடியாகப் பல மடங்கு ஏறியது. சுற்றுலா வருகிற நமக்கு உறைக்கவில்லை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்தவர்களுக்கு உறைத்தது. அவர்களுக்கு அது பொம்மை ரயில் அல்ல, பஸ்ஸுக்குப் பதில். பாரம்பரியத்தின் பில்லை உள்ளூர்க்காரர் தலையில் கட்டியது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதே சமயம், பொழிச்சலூரிலிருந்து ஆசைக்குப் போகிற என்னிடம் முந்நூறு ரூபாய் மட்டும் வாங்குவதும் நியாயமில்லை. டார்ஜிலிங்கில் நீராவி எஞ்சின் வைத்து கூம் வரை போய்த் திரும்பும் இரண்டு மணி நேர ஜாய்ரைடுக்கு ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி வாங்குகிறார்கள், மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். இங்கே ஐந்து மணி நேரம், பல்சக்கரம், பதினாறு குகை, குரங்கு இலவசம். விலை அதில் ஐந்தில் ஒன்று!

2018-லிருந்து சீசனில் ஆயிரத்தை ஒட்டிய கட்டணத்தில் தனி நீராவி ரயில் விட்டுப் பார்த்தார்கள். நல்ல யோசனை. 2020 டிசம்பரில் வந்ததுதான் கலாட்டா. ஒரு தனியார் நிறுவனம் ரயிலை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, மலைப்பாதைப் பயணத்துக்கு மூவாயிரம் ரூபாய் என்று விற்றது. பெட்டியில் விமானப் பணிப்பெண்கள் மாதிரி உடுத்திய பெண்கள் வரவேற்க, படங்கள் பரவ, 'ஊட்டி ரயிலை வித்துட்டாங்க' என்று தமிழ்நாடே கொதித்தது. விற்கவில்லை, கல்யாணக் கோஷ்டிக்கு விடுகிற மாதிரி வாடகைக்குத்தான் விட்டோம் என்று தென்னக ரயில்வே விளக்கம் கொடுத்தது. எனக்கு அந்தக் கோபமும் புரிகிறது, அந்த விளக்கமும் புரிகிறது. வழக்கமான ரயிலைத் தொடாமல், ஓய்ந்திருக்கிற பெட்டியை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சம்பாத்தியம் எந்தப் பல்சக்கரத்துக்குப் போனது என்று ஊருக்குச் சொல்லியிருந்தால் பாதிக் கொதிப்பு அடங்கியிருக்கும்.

சினிமாக்காரர்களும் வாடகைக்கு எடுப்பவர்கள்தான். மணிரத்னம் 'உயிரே' படத்துக்காக ஒரு கூட்டத்தையே இந்த ரயில் கூரையில் ஆடவிட்டார். டேவிட் லீன் 'எ பாஸேஜ் டு இந்தியா'வுக்கு இதில்தான் ஏறினார். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியில் கமல் தலையில் பானையை வைத்துக்கொண்டு குட்டிக்கரணம் போட்டது கேத்தி ஸ்டேஷனில். இன்றைக்கும் அங்கே ரயில் நின்றால் யாராவது ஒருவர் பிளாட்பாரத்தில் இறங்கி அதை நடித்துக் காட்டாமல் விடுவதில்லை. படப்பிடிப்புக் கட்டணம் நல்ல வரவுதான். ஆனால் வருடம் முழுக்கப் படம் எடுக்க முடியாதே.

அரசின் மனதில் வேறொரு கனவு ஓடுகிறது: பாரம்பரிய, மலைப் பாதைகளில் ஹைட்ரஜன் ரயில். ரயில்வே அறிவித்த மதிப்பீட்டின்படி ஒரு ரயிலுக்கு 80 கோடி, ஒவ்வொரு பாதைக்கும் தரைக்கட்டமைப்பு 70 கோடி. நீலகிரியின் பெயரும் அந்தப் பேச்சில் அடிபட்டது. நம் தாராளக் கணக்கைக் கொண்டுவாருங்கள்: 80 கோடி என்பது பத்தாயிரம் நிரம்பிய நடை. தினம் இரண்டு வீதம், ஒரு நாள்கூட மழையில் நிற்காமல் ஓடினால், பதின்மூன்றரை வருடத்துக்கு மேல்! புகையில்லாத ரயில் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குன்னூர் ஷெட்டின் வேலியோரம் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிற கூட்டம் எதைப் பார்க்க வந்திருக்கிறது என்பதை ஒருதரம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுத்தால் தேவலை.

பணத்தைப் பார்த்துக் கைகழுவினால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாமில் ஓர் உதாரணம் உண்டு. தலாத் மலைக்கு நம்மைப் போலவே ஆப்ட் பல்சட்டப் பாதை, நம்மைப் போலவே எஸ்.எல்.எம். எஞ்சின்கள். போரில் ஓட்டம் நின்றது. 1975-க்குப் பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து வேறு பாதையைச் சரிசெய்ய எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-ல் ஸ்விட்சர்லாந்திலிருந்து ஒரு கும்பல் வந்து அந்தத் துருவை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனது! அவர்கள் ஃபுர்கா கணவாய் ரயிலின் தொண்டர்கள். 1982-ல் மலையைக் குடைந்து புதுக் குகை திறந்ததும் அங்கே பழைய பாதையைக் கைவிட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்களும் ரயில் கிறுக்கர்களும் சேர்ந்து, விடுமுறை நாட்களில் கையில் கிரீஸ் பூசிக்கொண்டு, பாதையைத் துண்டு துண்டாக உயிர்ப்பித்து, 2010-ல் முழுதாக ஓட்டிவிட்டார்கள். இந்த வித்தையை முதலில் காட்டியது வேல்ஸ் நாட்டின் தாலிலின் ரயில். 1951-லேயே தொண்டர்கள் எடுத்து நடத்தத் தொடங்கிவிட்டார்கள். பொறியாளர் கரி அள்ளுவார், வாத்தியார் டிக்கெட் கிழிப்பார்.

நம் ஊரில் ரயிலைத் தொண்டர்களிடம் கொடுப்பது நடக்கிற காரியமில்லை, கொடுக்கவும் வேண்டாம். கொதிகலன் விளையாட்டில்லை, பிரேக்ஸ்மேன் வேலையைச் சம்பளம் வாங்குகிற, பயிற்சி பெற்ற ஆள்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தத் தொண்டர்களிடமிருந்து ஒன்றைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்: ரயிலில் இடம் போதாதா, ரயிலைச் சுற்றி விற்பது. ரயிலின் வசூலுக்குத்தான் இருநூறு சீட் என்ற கூரை. ரயிலைப் பார்ப்பதற்குக் கூரை இல்லை! வெயிட்டிங் லிஸ்டில் நின்று ஏமாந்து பஸ்ஸில் ஊட்டிக்கு வருகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர். அவர்களுக்கு ஷெட்டுக்குள் அரை மணி நேரம், பாதுகாப்பான தூரத்தில், ஒரு பழைய ஃபயர்மேனை வைத்துக் கதை சொல்லவைத்து, ஆளுக்கு இருநூறு ரூபாய் வாங்கினால் கொடுக்காமலா போவார்கள்? இப்போது வேலிக்கு வெளியே இலவசமாக நிற்கிறோமே, அதை உள்ளே காசுக்குச் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கூடவே இன்னொரு கோரிக்கை. கொஞ்ச காலம் முன்பு ரயில் டிக்கெட்டில் ஒரு வரி அச்சடித்திருந்தார்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்பி வருகிறது என்று. படித்ததும் குற்றவுணர்ச்சியில் ஜன்னலோரம் குறுகி உட்கார்ந்தோமே, அதே வரி! ஊட்டி ரயில் டிக்கெட்டிலும் அப்படி ஒன்று போடுங்கள், இந்த ஒரு பாதையின் கணக்கை மட்டும், வருடா வருடம். நஷ்டத்தை மறைக்க என்ன இருக்கிறது? எழும்பூர் அருங்காட்சியகம் லாபத்தில் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லையே. எவ்வளவு போகிறது, எதற்குப் போகிறது என்று தெரிந்தால், கொடுக்கிற மனம் இருப்பவர்கள் கொடுப்பார்கள்.

கொடுப்பதற்கு என் பங்கு யோசனையும் தயார். பல்சக்கரத்தின் பல் தேயும், தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பழையதை எடைக்குப் போட்டுவிடாமல் ஒவ்வொரு பல்லாக அறுத்து, எந்த எஞ்சின், எத்தனை முறை குன்னூர் ஏறியது என்று ஒரு சீட்டோடு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் விற்கட்டும். முதல் ஆளாக நான் நிற்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்தபின் விலை கேட்டால் அத்தையிடம் பாதிதான் சொல்வேன்.